இருக்கு, இருக்கு, இல்லை: 1987 டாப்ஸ் பேஸ்பால் கார்டு பெட்டி

போன மாதம் இரண்டு சனிக்கிழமை ராத்திரிகளில் உட்கார்ந்து, 1987 டாப்ஸ் பேஸ்பால் கார்டு பெட்டி ஒன்றை முழுசாகப் பிரித்து முடித்தேன். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளை டாப்ஸ் கம்பெனி அந்த வருடம் அச்சடித்து மூடிய பழைய பெட்டி. உள்ளே 36 வாக்ஸ் பேக், அதாவது மெழுகுத் தாளில் சுற்றிய பொட்டலம். ஒரு பேக்கில் 17 கார்டு, ஒரு துண்டு பபிள்கம். மொத்தம் 612 கார்டு. அன்றைக்கு ஒரு பேக் 40 சென்ட், அதாவது முழுப் பெட்டிக்கு 14 டாலர் 40 சென்ட். எனக்கு அஞ்சல் செலவோடு சேர்த்து 58 டாலர் ஆனது.

1980-களில் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளாக இருந்த நம் ஆட்கள் சிலராவது இதே பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வாங்கலாமா, என்ன பார்த்து வாங்க வேண்டும், உள்ளே என்ன நிலைமையில் இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நியூயார்க்கில் ஃப்ளஷிங்குக்கு வந்தது 1986 ஆகஸ்டில். எனக்கு 9 வயது, அண்ணனுக்கு 12. மெட்ஸ் பேஸ்பால் அணியின் மைதானமான ஷே ஸ்டேடியம் எங்கள் மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து 7-ஆம் நம்பர் ரயிலில் ஒரே ஸ்டேஷன். வந்த இரண்டாவது மாதத்திலேயே மெட்ஸ் வேர்ல்ட் சீரீஸ் என்கிற இறுதித் தொடரை ஜெயித்தது. ஆறாவது ஆட்டத்தில் மெட்ஸின் மூக்கி வில்சன் அடித்த பந்து எதிரணியின் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே உருண்டு போன அந்த ராத்திரி, எங்கள் கட்டிடமே கத்தியது. ஆட்டத்தின் விதி ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அப்பா ஜன்னலைத் திறந்துவைத்து, தெருவில் எழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த வசந்தத்தில் கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பவுன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். திரும்பும் வழியில் மிட்டாய்க் கடை ஒன்று இருந்தது. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பேக். அந்த வாரம் இரண்டு பேரும் சண்டை போடாமல் இருந்திருக்க வேண்டும், அதுதான் அப்பாவின் நிபந்தனை. கடை வாசலிலேயே பிரிக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் என்று அம்மா சொல்வார். கோயில் விபூதியோடு, கோட்டுப் பையில் பேக்கைப் பிடித்தபடி நடந்த அந்த இரண்டு பிளாக் தூரம் எனக்கு இன்றும் கையில் இருக்கிறது.

பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மெழுகு பூசிய தாளை மடித்து, பின்பக்கம் லேசாகச் சூடு காட்டி அழுத்தியிருப்பார்கள். மெழுகே உருகிப் பசையாகிவிடும். அந்த மடிப்புக்கு அடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து மெதுவாக நகர்த்த வேண்டும். கிழிக்கத் தேவையே இல்லை. ஒட்டு விடுகிற சத்தம் ரொம்பச் சின்னது. ஈரத் தீக்குச்சியை உரசினால் வருமே, அந்த மாதிரி. தாள் விரிந்ததும் முதலில் வருவது வாசனை: கம்மின் சர்க்கரைப் பொடி, மெழுகு, அட்டை மூன்றும் கலந்தது. அதற்கப்புறம்தான் கார்டு.

அந்த வருடத் தொகுப்பில் 792 கார்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அண்ணன் பிரிப்பான், நான் எண் பார்ப்பேன். பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்வதை நாங்கள் வீட்டில் தமிழில் சொல்லிக்கொண்டோம். “இருக்கு. இருக்கு. இருக்கு. இல்லை!” எங்களிடம் இல்லாத எண் வந்து, அந்த “இல்லை”யைச் சொல்லும்போது இரண்டு பேர் குரலும் மேலே போகும். இல்லை என்கிற சொல்லை அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கும் சொன்னதில்லை.

இப்போது வாங்கிய பெட்டியில் முதல் பேக்கைப் பிரித்தபோது அந்தச் சத்தம் அப்படியே வந்தது. கிட்டத்தட்ட 40 வருடம் ஆகியும் மெழுகு பிடித்த பிடி விடாமல் இருந்தது. வாசனை பாதிதான். சர்க்கரை மணம் மெலிந்துவிட்டது, அட்டை மணம் ஏறிவிட்டது. இருந்தாலும் மூக்குக்கு உடனே அடையாளம் தெரிந்தது. முதல் நாலைந்து பேக்குக்கு நான் கார்டைப் பார்க்கக்கூட இல்லை, தாளை முகர்ந்துகொண்டே இருந்தேன். இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு எனக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

கம்மைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வாயில் வைக்காதீர்கள். பழைய ரோஸ் நிறம் வெளுத்துச் சாம்பலாகி, கண்ணாடிச் சில்லு மாதிரி உடைகிறது. என் பெட்டியில் முழுசாக வந்தவை ஏழு. மற்றதெல்லாம் தூள். டாப்ஸ் 1991-க்கு அப்புறம் பேக்கில் கம் வைப்பதையே விட்டுவிட்டது. கார்டில் கறை படிகிறது என்று சேகரிப்பவர்கள் குறைப்பட்டதுதான் காரணம். கறை உண்மைதான். பேக்குக்கு ஒரு கார்டில் கம் ஒட்டிய தடம், இன்னொன்றில் மெழுகுப் படலம். பெண்கள் போடும் நைலான் காலுறையின் துணியால் லேசாகத் தேய்த்தால், முன்பக்க மெழுகு பெரும்பாலும் போய்விடும். கம் தடம் போகாது. சிறுவயதில் அந்தத் தடம் பட்ட கார்டை யாரும் மாற்றிக்கொள்ளமாட்டார்கள். இப்போது அதைத்தான் நான் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

கார்டின் அழகைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. சுற்றிலும் மரப்பலகை மாதிரி ஓரம், மேலே இடது மூலையில் வட்டத்துக்குள் அணியின் சின்னம், கீழே வலப்பக்கம் வண்ணக் கட்டத்தில் ஆட்டக்காரர் பெயர். அவ்வளவுதான். 1962-இல் டாப்ஸ் செய்த மர ஓரத்தை 25 வருடம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன டிவியின் சட்டமும் அதே மரநிறம். அதனால் கார்டுக்குள் நிற்பவர்கள் எல்லோரும் எங்கள் டிவிக்குள் நிற்பவர்கள் என்றே எனக்குத் தோன்றும். குறை என்றால், அந்தப் பழுப்பு ஓரத்தில் மூலை கொஞ்சம் நசுங்கினாலும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். படம் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்த கார்டுகளும் நிறைய. எனக்கு வந்ததில் மூன்றில் ஒன்று அப்படித்தான். மூலை கூர்மையாக, நடுவாக உள்ள கார்டு வேண்டும் என்பவர்கள் பெட்டி வாங்க வேண்டாம், தேவையானதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

பின்பக்கம்தான் எனக்குப் பாடப்புத்தகம். சாம்பல் அட்டையில் நீலமும் மஞ்சளும். உயரம், எடை, எந்தக் கையால் எறிவார், பிறந்த ஊர், வருடம் வாரியாக ஆட்டக் கணக்கு. அப்பாவுக்குக் கிரிக்கெட் தெரியும். பேட்டிங் சராசரி என்றால் 40, 50 என்று இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு யாங்கீஸ் அணியின் டான் மாட்டிங்லி வந்தார், எண் 500. பின்னால் 1986-க்கு எதிரே .352 என்று போட்டிருந்தது. “பூஜ்யம் புள்ளி மூணு அஞ்சு ரெண்டா? இதுக்கா இவ்வளவு பெரிய பேரு?” என்று அப்பா கேட்டார். அப்புறம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மளிகைக் கடை ரசீதின் பின்னால் பென்சிலால் வகுத்தார். 677 முறை அடிக்க நின்றிருக்கிறார், 238 முறை ஹிட். 238-ஐ 677-ஆல் வகுத்தால் .352. அவர் முகம் மாறியது. “அப்படின்னா பத்துல மூணு தடவை ஜெயிச்சாலே இங்க பெரிய ஆள். பத்துல ஏழு தடவை தோத்தாலும் அடுத்த நாள் வந்து நிக்கணும்.” அன்றைக்கு அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை நிலையானதாக இல்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. தசமப் புள்ளி வகுத்தலை நான் கற்றது அந்த ரசீதில். இப்போது பெட்டியின் 11-ஆவது பேக்கில் அதே மாட்டிங்லி வந்தார். திருப்பினேன். 677, 238.

பிறந்த ஊர் வரியை அப்பா விடாமல் படிப்பார். டொமினிக்கன் குடியரசில் சான் பெட்ரோ டி மகோரிஸ் என்று ஒரு ஊர் திரும்பத் திரும்ப வந்தது. டொரன்டோவின் ஜார்ஜ் பெல் அங்கே பிறந்தவர், டோனி ஃபெர்னாண்டஸ் அங்கே, டாட்ஜர்ஸின் பெட்ரோ கெரேரோ அங்கே. “ஒரே ஊர்லேருந்து இத்தனை பேரா?” என்று அண்ணனின் அட்லஸைத் திறந்து தேடினோம். கரும்பு விளையும் கடலோர ஊர். வேறு நாட்டிலிருந்து வந்து இந்த ஊர் டிவியில் நிற்பவர்கள் என்று தெரிந்ததும் ஜார்ஜ் பெல் எங்கள் ஆள் ஆகிவிட்டார். அந்த வருடம் அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்குத்தான் கிடைத்தது. எங்களுக்கு ஏதோ உறவினருக்குக் கிடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் பெரிய கார்டு மெட்ஸின் ட்வைட் குடன், எண் 130. 1985-இல் 24 ஆட்டம் ஜெயித்து 4-இல் மட்டும் தோற்ற பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர். அப்போது அவருக்கு 20 வயது. அவர் கார்டு எனக்கு வந்தது 1987 ஏப்ரலில். அதே மாதம் அவர் ஆட வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு “உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்” என்று அப்பா சொன்னார். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்பதை அண்ணன் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொன்னான். நான் அந்தக் கார்டை அம்மாவின் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். ஜூன் மாதம் அவர் திரும்ப வந்து எறிந்தபோதுதான் எடுத்தேன். இந்தப் பெட்டியில் குடன் இரண்டு முறை வந்தார். ஒன்று மூலை மடிந்தது, ஒன்று புத்தம் புதுசு.

இனி பணக் கணக்கு. இந்தத் தொகுப்பில் எல்லோரும் தேடிய பாரி பாண்ட்ஸ் (எண் 320), மார்க் மெக்வயர் (366), ‘ஃப்யூச்சர் ஸ்டார்ஸ்’ என்று வண்ண எழுத்தோடு வரும் போ ஜாக்சன் (170), பாரி லார்கின் (648), வில் கிளார்க் (420) எல்லாரும் இருக்கிறார்கள். கார்டு விலைகளைப் போடும், 1984-இல் தொடங்கிய பெக்கெட் மாத இதழை அண்ணன் நண்பர்களோடு பங்கு போட்டு வாங்குவான். விலை ஏறினால் மேல்நோக்கி அம்பு, இறங்கினால் கீழ்நோக்கி. பாண்ட்ஸையும் மெக்வயரையும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் போட்டு, காலேஜுக்கு ஆகும் என்று சொன்னான். அப்படி நினைத்தது அவன் மட்டும் இல்லை, நாடே நினைத்தது. எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்தன. 1952 மிக்கி மான்டில் கார்டு 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றதென்றால், அதை அன்றைக்கு யாரும் பொக்கிஷமாக நினைக்காததுதான் காரணம். பிள்ளைகள் வளர்ந்ததும் அம்மாக்கள் தூக்கிப் போட்டார்கள். விற்காமல் தேங்கியதை டாப்ஸே 1960-இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியது. எங்கள் 1987 கார்டுகளை யாரும் கொட்டவில்லை. அதனால்தான் அந்தப் பெட்டி இன்றும் 58 டாலருக்கு என் கைக்கு வந்தது. எனக்கு அது நல்லதாகவே போயிற்று. விலை ஏறியிருந்தால் பிரிக்க மனம் வந்திருக்காது.

மலிவான பெட்டி என்பதற்காக ஏமாற்று இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நான் முதலில் இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய பெட்டி கெட்ட பெட்டி. 36 பேக்கிலும் ஒரு பாண்ட்ஸ் இல்லை, ஒரு மெக்வயர் இல்லை, போ ஜாக்சன் இல்லை, லார்கின்கூட இல்லை. 792 கார்டு உள்ள தொகுப்பில் 612 கார்டு பிரித்து, தெரிந்த பெயர்களில் ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு ரொம்பவே குறைவு. பிறகு பார்த்தால் மடிப்பில் மெழுகு இரண்டு கோடாக அழுந்தியிருந்தது. பிரித்து, நல்லதை எடுத்துவிட்டு, திரும்பச் சூடு வைத்து மூடியிருக்கிறார்கள். கம் முழுசாக இருந்த பேக்கில்கூட கார்டில் கம் தடம் இல்லை. பணம் திரும்பவில்லை. பணம் போனதைவிட, வேறு ஒருவர் பிரித்து மூடியதை நான் அவ்வளவு ஆசையாகப் பிரித்தேனே என்பதுதான் பல நாள் உறுத்தியது.

எனவே இதைக் கவனியுங்கள். டாப்ஸ் அந்தக் காலத்தில் வாக்ஸ் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பவில்லை. “கம்பெனி உறை பிரிக்காதது” என்று யாராவது விற்றால் அது வேறு யாரோ போட்ட உறை. பேஸ்பால் கார்ட் எக்ஸ்சேஞ்ச் மாதிரி, பேக்குகளைப் பரிசோதித்து, தங்கள் பெயர் போட்ட உறையில் சுற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து, பதினைந்து டாலர் கூடப் போனாலும் அப்படி வாங்குவது நிம்மதி. என் இரண்டாவது பெட்டி அந்த வகை. பெட்டியின் பக்கவாட்டையும் பாருங்கள். அங்கே அட்டையிலேயே 2 சின்னக் கார்டு அச்சடித்திருக்கும், எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்தோடு, கத்தரித்து எடுத்துக்கொள்ள. மிட்டாய்க் கடைக்காரர் காலிப் பெட்டியை எங்களுக்குத் தருவார். அம்மாவின் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அட்டை வெட்டி நான் வாங்கிய திட்டும் நினைவிருக்கிறது. இந்த முறை வெட்டவில்லை, முழுசாக வைத்திருக்கிறேன்.

புதுசு எப்படி என்று கேட்டால், அதையும் வாங்கிப் பார்த்தேன். 2022-இல் டாப்ஸ் தன் முதல் வரிசைக்குள் 1987-இன் மர ஓரத்தைத் திரும்ப வைத்தது, 35 வருட நினைவாக. என் மகளுக்காக வாங்கினேன். பளபளப்பு அழகு, அச்சு சுத்தம். ஆனால் பளபளக்கும் உறையை இழுத்துக் கிழிக்க வேண்டியிருக்கிறது, உள்ளே எந்த வாசனையும் இல்லை. கொஞ்சமாக மட்டும் அச்சடித்து வரிசை எண் போட்ட கார்டு, கையெழுத்துக் கார்டு வந்ததா என்று பார்த்துவிட்டு மற்றதை ஒதுக்கிவைக்கப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். எங்களுக்கு ஒதுக்க எதுவும் கிடையாது. சியாட்டிலின் மாற்று கேட்ச்சர்கூட ஓர் எண், அந்த எண் இல்லாமல் செட் முடியாது.

மகளோடு சேர்ந்துதான் இந்தப் பழைய பெட்டியின் கடைசிப் பத்து பேக்கைப் பிரித்தேன். அவளுக்கு மாட்டிங்லி யார், குடன் யார் என்று தெரியாது. நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு “இருக்கு, இருக்கு” என்றபடி போனபோது மூன்றாவது பேக்கிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. நான்காவதில் அவளே முந்திக்கொண்டு “இல்லை!” என்று கத்தினாள்.

எண்ணி முடித்த கணக்கு இது: 612-இல் தனித்தனி எண்கள் 471. மீதி 141 டூப்ளிகேட். ஒரே ஆட்டக்காரர் மூன்று முறை வந்தது பதினோரு பேர். இரண்டு பேக் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் வந்தன. அந்தக் காலத்துக் கலக்கல் அவ்வளவுதான். ஒரு பெட்டியில் செட் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கணக்கே இடம் தராது. ஆக 321 எண் பாக்கி. ஒன்பது கட்ட பிளாஸ்டிக் தாள்களில் 471-ஐயும் அடுக்கி, இல்லாத இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அண்ணன் இப்போது டெக்சாஸில் இருக்கிறான். பாக்கிப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினேன். அவனுடைய பழைய ஷூ பெட்டி எங்கேயோ மேலே இருக்கிறது என்றான். ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. பின்னால் அவன் மனைவி “இந்த நேரத்துல பரண்ல என்ன பண்றீங்க?” என்று கேட்பது கேட்டது. அவன் என்னை ஹலோகூடச் சொல்ல விடவில்லை.

“எண் சொல்லு” என்றான்.

“நானூத்தி அறுபது. டேரில் ஸ்ட்ராபெரி.”

“இருக்கு. அடுத்தது.”